காவலர் இக்கரையில், எலும்புகள் அக்கரையில்: கே பிரான்லி அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் ஆப்பிரிக்கத் தொகுப்பின் காப்பாட்சியர்கள், கே பிரான்லி – ஜாக் சிராக் அருங்காட்சியகம், பாரிஸ்.

நகல்: தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பாரிஸ்.

மதிப்பிற்குரியீர்,

உங்கள் ஆப்பிரிக்கக் கூடத்தில் காபோன், கேமரூன், எக்குவடோரியல் கினி, காங்கோ காடுகளிலிருந்து வந்த மூதாதையர் பேழைச் சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் கேட்க ஒரு கேள்வி உண்டு. இந்த உருவங்கள் யாருடைய எலும்புகளுக்குக் காவல் நின்றனவோ, அந்த எலும்புகள் இப்போது எங்கே?

கேட்கும் உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. உங்கள் தொகுப்பு பிரெஞ்சு அரசின் பொதுச்சொத்து. நான் இந்த நாட்டில் வரி கட்டுகிறவன். தமிழில் எழுதுவது, லா ஷப்பேல் தெருக்களில் நடமாடும் என் மக்களும் இதைப் படிக்கட்டும் என்பதற்காக. பிரெஞ்சுப் படி தபாலில் தனியே வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் என்ற ஊரில் எங்கள் முன்னோர் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டிக்கொண்டு போனார். 1903-04இல் பாரிஸிலிருந்து லூயி லாப்பிக் வந்தார். அந்தக் கதையை இங்கே நீட்டப் போவதில்லை. பிறருடைய மூதாதையரைப் பற்றி நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்கு இந்த அளவு போதும்.

பியேரி, அதாவது ஃபாங் மக்களின் மூதாதையர் எலும்பு வழிபாடு, என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபாங் மக்களிடையே ஒரு பெரியவர் இறந்தால் முதலில் அடக்கம் செய்துவிடுவார்கள். காலம் கழித்து, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் மண்ணைத் தோண்டி மண்டையோட்டை வெளியே எடுப்பார்கள். கிளையைத் தொடங்கியவர், அதைப் புது ஊருக்கு நடத்திச் சென்றவர், பேர் விளங்கிய ஒரு பெண் என்று அந்தச் சிலர் இருப்பார்கள். ஓட்டைச் சுத்தம் செய்து படவுக் மரத்தின் சிவப்புத் தூளைப் பூசுவார்கள். அந்த மரம் நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். பிறகு மரப்பட்டையை வளைத்துத் தைத்த உருளைப் பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டியின் மூடிமேல் மரத்தில் செதுக்கிய ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் நீண்ட கழுத்தோடு தலை மட்டும். உருவத்தின் அடியிலிருந்து ஒரு முளை பெட்டிக்குள் இறங்கும். உட்கார்ந்தபடி காவல் காக்கத்தான் அந்த அமைப்பு.

வேட்டைக்கோ சண்டைக்கோ புறப்படும்போதும், ஊரையே பெயர்த்துக்கொண்டு புது இடத்துக்கு நகரும்போதும், பெட்டியைத் திறந்து எலும்புகளுக்குப் படையல் வைத்தார்கள். கோழி அறுத்தார்கள். உருவத்துக்குப் பனையெண்ணெய் தேய்த்தார்கள். எத்தனையோ ஆண்டு தேய்த்த அந்த எண்ணெய் மரத்துக்குள் ஊறிப்போய், இன்றும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் சில சிற்பங்களில் கசிகிறது. இது உங்கள் பராமரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை.

மெலான் சடங்கில் இளைஞர்களை இதற்குள் சேர்ப்பார்கள். அலான் என்ற செடியின் வேரைத் தின்னக் கொடுப்பார்கள். மயக்கம் வரும், இறந்தவர்கள் தெரிவார்கள். பெட்டியிலிருந்து எடுத்த மண்டையோடுகளை முன்னால் வைத்து, இவர் இன்னார், இவர் மகன் இன்னார் என்று வம்ச வரிசையைச் சொல்லிக் கொடுப்பார்கள். உருவங்களைப் பெட்டியிலிருந்து கழற்றி, திரைக்கு மேலே தூக்கிப் பொம்மலாட்டம் போல ஆடவிடுவார்கள். அப்போதுகூட உருவம் ஆடத்தான் போகிறது. பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது எலும்பைத்தான். ஒரு கிளை பிரிந்து போகும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியையாவது எடுத்துக்கொண்டு போனது இதனால்தான். மரம் எந்தக் காட்டிலும் கிடைக்கும், செதுக்குகிறவரும் கிடைப்பார்.

கிழக்குக் காபோனிலும் அதையொட்டிய காங்கோவிலும் கோட்டா மக்கள் இதையே வேறு கையால் செய்தார்கள். மரத்தின் மேல் செம்பு, பித்தளைத் தகடு போர்த்திய தட்டையான முகம், கீழே சாய்சதுரமாக ஒரு தண்டு. கடற்கரையிலிருந்து வாணிபத்தில் உள்ளே வந்த செம்பு, பித்தளைத் தாம்பாளங்களை வெட்டித்தான் பெரும்பாலும் தகடு எடுத்தார்கள். எலும்புகளைக் கட்டிவைத்த கூடையின் மேல் அந்தத் தண்டைச் செருகிக் கட்டிவிடுவார்கள். சாய்சதுரத்தில் பாதி கூடைக்குள் மறைந்துவிடும். அதைப் பிக்காசோ பார்த்ததும் நாம் பார்ப்பதும் முழுசாக, அதாவது பிடுங்கிய பிறகு. கால்களைப் போலவோ, விரித்த கைகளைப் போலவோ தோன்றுகிற அந்த வடிவத்தைப் பற்றி ஓவிய வரலாற்றுக்காரர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். செருகுவதற்கான முனை அது, அவ்வளவுதான்.

அதே பகுதியின் ம்பேட்டே மக்களுடைய சிற்பங்கள் இன்னும் ஒரு படி மேல். அவற்றுக்குத் தனிப் பெட்டியே இல்லை. உருவத்தின் முதுகைக் குடைந்து, அதற்குள்ளேயே எலும்புகளை வைத்து, ஒரு கதவால் மூடினார்கள். அங்கே காவலரையும் காக்கப்படுகிறவரையும் பிரிக்க வேண்டுமானால் கதவைத் திறந்து உள்ளிருப்பதைக் கொட்டினால்தான் முடியும். உலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கிற ம்பேட்டே உருவங்களின் முதுகு பெரும்பாலும் காலி. யார் கொட்டினார்கள் என்று எந்த விவர அட்டையிலும் நான் படித்ததில்லை.

இனி, பிரிந்தது எப்படி என்பதற்கு வருகிறேன். எல்லாப் பழியையும் வெள்ளையர் தலையில் போட்டுவிட்டால் மடல் சீக்கிரம் முடிந்துவிடும், நடந்தது அப்படியில்லை. ஃபாங் குடும்பங்கள் பல, உருவத்தைத் தாங்களே விற்றிருக்கின்றன. வாங்க வந்தவருக்குக் கண் உருவத்தின் மேல். குடும்பத்துக்கு மனம் பெட்டிக்குள். மேலே உட்கார்ந்திருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எலும்பை வைத்துக்கொண்டார்கள். வேறொன்று செதுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். இது நியாயமான வியாபாரமா என்பது வேறு கேள்வி. 1899இல் பிரெஞ்சுக் காங்கோவை காட்டைச் சுரண்டும் உரிமையோடு 40 சலுகைக் கம்பெனிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த காலம் அது. ரப்பருக்கும் சுமைதூக்கவும் ஆளைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் 'விற்றார்' என்ற வினைச்சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் எலும்பை எடுத்துவைத்துக்கொண்டு உருவத்தைக் கொடுத்த ஒரு குடும்பம், தன்னால் முடிந்த தேர்வைச் செய்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

மிஷனரிகள் எரிக்கவும் புதைக்கவும் சொன்னதும் உண்டு. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் தாங்களாகவே பெட்டியைக் கொண்டுவந்து பாதிரியார் முன் வைத்ததும் உண்டு.

பாரிஸுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. பால் கியோம் போன்ற வியாபாரிகள் இந்த உருவங்களைப் பீடத்தில் ஏற்றி விற்றார்கள். அந்தப் பீடங்களில் சிறந்தவை என்று பேர் வாங்கியவை ஜப்பானிலிருந்து வந்து இந்த நகரத்தில் தொழில் செய்த கிச்சிசோ இனாகாகியின் கைவேலை. அருமையான மரவேலை, குறை சொல்ல இடமில்லை. அவர் பீடம் இருந்தால் இன்று ஏலத்தில் மதிப்புக் கூடுகிறது. எலும்புப் பெட்டி இருந்த இடத்தில்தான் அந்தப் பீடம் இருக்கிறது. 2015இல் ஒரு கோட்டா உருவம் பாரிஸ் ஏலத்தில் 50 லட்சம் யூரோவுக்கு மேல் போனபோது, அதன் கதையாகச் சொல்லப்பட்டது எந்தச் சேகரிப்பாளர் கையிலிருந்து எந்தச் சேகரிப்பாளர் கைக்கு வந்தது என்ற வரிசைதான். மெலான் சடங்கில் வம்சம் சொன்னதை ஏலக்கூடம் வேறு பெயர்களோடு தொடர்கிறது.

எலும்புகளுக்கோ அப்படிப் பெயர் வரிசையே இல்லை. 1880களில் பிரான்சுக்காகக் காங்கோப் பகுதியை ஆராய்ந்த சவோர்ன்யான் தெ பிராஸாவின் பயணங்களில் சேகரித்தவை த்ரோகாதேரோ இனவரைவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பின்னர் அதே குன்றில், தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளையான மனித அருங்காட்சியகம். 2006இல் உங்கள் அருங்காட்சியகம் திறந்தபோது இனவரைவியல் பொருள்கள் சேன் ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தன. உடற்கூற்று மானுடவியலின் எலும்புத் தொகுப்பு, ஏறத்தாழ 18,000 மண்டையோடுகள், அந்தக் கரையிலேயே நின்றன. உங்களிடம் உள்ள பொருள்களின் பதிவெண் 71 என்று தொடங்கினால் அது அங்கிருந்து வந்தது. அடுத்த எண் பதிவான ஆண்டு. ஆக, எந்த ஆண்டில் பதிவானது என்பது எண்ணிலேயே இருக்கிறது. அதே பயணத்தில் வந்த எலும்பு அக்கரைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாலத்தைக் கடந்தால் போதும்.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய பதில், மனித எலும்புகளைக் காட்சிக்கு வைப்பதில்லை, அது மரியாதைக் குறைவு என்பது. சரி. காட்டச் சொல்லவில்லை. பியேரிப் பெட்டிக்குள் இருப்பதைச் சடங்கில் சேராதவர்கள் பார்க்கக் கூடாது என்பது அந்த மக்களுடைய விதியே. படம் போடவும் வேண்டாம். இருக்கிறதா, இல்லையா, எங்கே, எந்த ஆண்டு முதல் என்று எழுத்தில் சொல்லுங்கள். இப்போது பார்வையாளர் முன் நிற்பது, யாரையும் காக்காத காவலர்.

இந்தக் கேள்வியை இன்று கேட்கக் காரணம் சட்டம். 2023 டிசம்பர் 26இல் பொதுத்தொகுப்புகளில் உள்ள மனித எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க பிரான்ஸ் ஒரு பொதுச் சட்டம் இயற்றியது. அதன்படி 2025 ஆகஸ்டில் மடகாஸ்கருக்கு மூன்று மண்டையோடுகள் திரும்பின. 1897இல் பிரெஞ்சுப் படை தலைவெட்டிய சகலாவா மன்னர் தொயேராவுடையது என்று கருதப்படுவது அதில் ஒன்று. நல்ல சட்டம்தான். ஆனால் அது எலும்புக்கு மட்டுமான சட்டம். மரத்துக்கும் செம்புக்கும் தனி ஏற்பாடு. 2020இல் பெனினுக்கு 26 பொருள்களைக் கொடுக்கத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. பண்பாட்டுப் பொருள்களுக்கான பொதுச் சட்ட முன்வரைவு 2025 ஜூலையில்தான் அமைச்சரவைக்கு வந்தது. திருட்டு, கொள்ளை, கட்டாயத்தின் பேரில் கைமாறியது என்று காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரே பேழையின் மேல்பாதிக்கு ஒரு சட்டம், கீழ்பாதிக்கு ஒரு சட்டம். சேகரித்தவர்கள் கையால் பிரித்ததைச் சட்டமும் பிரித்தே வைத்திருக்கிறது.

இதைவிடக் கடினமான ஒரு முடிச்சு உள்ளே இருக்கிறது. 2023 சட்டம் எச்சங்களைத் திருப்பித் தருவது இறுதிச்சடங்கு நோக்கத்துக்காக மட்டுமே. தொயேராவுக்கு அது பொருந்தும். அவர் தலை உடலோடு சேர்ந்து அடக்கமாகியிருக்க வேண்டியது. பியேரி மண்டையோட்டுக்குப் பொருந்துமா? அது ஏற்கெனவே அடக்கமாகி, வேண்டுமென்றே வெளியே எடுத்து வீட்டில் வைத்தது. அதை மறுபடி புதைக்கத்தான் தருவோம் என்றால், அந்தக் குடும்பத்தின் முடிவை நூறாண்டு கழித்து பாரிஸ் மாற்றுகிறது என்றாகும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கல்லறையில்தான் இறந்தவர் நிம்மதியாக இருப்பார் என்பது அவர்களுக்கு இயல்பாக வருகிற நினைப்பு. அருங்காட்சியகத்தில் இருக்கிற நீங்கள்தான் அமைச்சகத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். என்னைப் போன்றவன் சொன்னால் எடுபடாது.

என் முக்கிய வேண்டுகோள் இதுதான். எலும்போடு சேர்ந்து முழுப் பேழையாக பாரிஸுக்கு வந்தவற்றைத் தனியே எடுங்கள். உருவத்தை விற்றவர்கள் பலர். தாத்தாவின் மண்டையோட்டை விரும்பி விற்றவர் யார்? எலும்பு உள்ளே இருக்கும் பெட்டி வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருந்தால், அது மனமொப்பி வந்ததில்லை என்று முதலில் எடுத்துக்கொள்வதே நியாயம். சம்மதத்தோடு வந்தது என்றால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. கேட்டு வருகிறவர்களுடையது அல்ல. ஞானஸ்நானக் காலத்தில் பாதிரியாரிடம் ஒப்படைத்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், எந்த மிஷன், எந்த ஆண்டு என்று. அந்தக் குடும்பங்களுக்கும் அது தெரிய வேண்டிய செய்தி.

நிரூபிக்கும் சுமை மறுபக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம். 150 யூரோவுக்கு விற்ற ஒரு ஃபாங் முகமூடி 2022இல் மோன்பெலியே ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. விற்ற முதிய தம்பதி வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் காபோன் அரசும் தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டது. 2023 டிசம்பரில் அலேஸ் நீதிமன்றம் இரு தரப்பையும் வெறுங்கையோடு அனுப்பியது. அது ங்கில் என்ற ஃபாங் நீதிச் சங்கத்தின் முகமூடி, பேழை இல்லை; தனியார் சொத்து, உங்களுடையதும் இல்லை. ஆனால் பிரான்ஸுக்குள் ஒரு காபோன்காரர் எந்த வாசலில் போய் நின்று கேட்பது என்ற கேள்வி ஒன்றுதான்.

யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். சிக்கல்தான், மறுக்கவில்லை. ஃபாங் அயோங்குகள், அதாவது குலங்கள், மூன்று நாட்டு எல்லைகளுக்குக் குறுக்கே பரவிக் கிடக்கின்றன. சட்டமோ ஒரு நாட்டின் அரசு கேட்டால்தான் கேட்கும். பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சிலருக்கு அந்தப் பெட்டி திரும்பி வருவதே பிடிக்காது. பியேரியின் கூறுகளை காபோனின் ப்வீத்தி வழிபாட்டுக்குள் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். காபோனின் முதல் குடியரசுத் தலைவர் லியோன் ம்பாவே ப்வீத்தியோடு தொடர்புள்ளவர். லிப்ரவீலில் தேசிய அருங்காட்சியகமும் இருக்கிறது. இவர்களுக்குள் உடன்பாடு வராமல் போகலாம். அது அவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சச்சரவு. பேசுவதற்கு முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் தொகுப்பில் காபோனிலிருந்து வந்தவை மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அவற்றில் எத்தனை பெட்டிகள் மூடியபடி இருக்கின்றன என்பது காபோனின் ஓயெமிலோ மக்கோக்குவிலோ இருக்கிற ஒருவருக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தொகுப்பை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறீர்கள். 2017இல் இந்தக் காட்டுப்பகுதிக் கலைக்கென்றே முந்நூறுக்கு மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி நடத்தினீர்கள். 2020இல் உங்கள் தலைமை இருக்கைக்கு வந்த எம்மானுவேல் கசாரெரு, நியூ கலிடோனியாவின் பூர்வகுடிகளான கனாக் மக்களில் வேர் கொண்டவர். 1878 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட கனாக் தலைவர் அத்தாயின் மண்டையோடு காணவில்லை என்று இந்த நகரம் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது, பிறகு அது எங்கேயோ போகாமல் இங்கேயே பாரிஸின் அருங்காட்சியகக் கிடங்கில் இருந்தது, 2014இல்தான் ஊருக்குத் திரும்பியது என்பதெல்லாம் உங்கள் வீட்டுக்குள் தெரிந்த கதை. தொலைந்தது என்ற பதிலை உங்களிடமிருந்து நான் எதிர்பார்க்காததற்கு அது ஒரு காரணம்.

நடைமுறைக்கு வருவோம். உங்களிடமிருந்து இரண்டு பேர், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு பேர், லிப்ரவீல், யாவுந்தே, மலாபோ, பிராஸாவில் என்ற நான்கு தலைநகரங்களிலிருந்து அவரவர் அனுப்புகிறவர்கள் என்று ஒரு குழு போதும். அடையாளம் உறுதியாகாத எச்சங்களுக்கு இரு நாட்டு அறிவியல் குழு அமைக்க 2023 சட்டமே வழிவிடுகிறது. கோரிக்கை வரும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்னாலேயே வேலையைத் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. இரு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆண்டு, ஒரே பயணம், ஒரே நன்கொடையாளர் என்று பொருந்துகிறவற்றைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கூடத்து விவர அட்டையில் ஒரு வரி சேருங்கள்: இதன் கீழ் இருந்த எலும்புகள் இன்ன இடத்தில் உள்ளன, அல்லது வரவில்லை, அல்லது தெரியவில்லை. ஒரு வரிதான். அச்சிட அதிகம் செலவாகாது.

எனக்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. பதில் போக வேண்டிய நான்கு நகரங்களை மேலே சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், 1883-85 பிராஸா பயணத்திலிருந்து தொடங்கலாம். அந்தப் பயணத்தின் குறிப்புகளும் கடிதங்களும் அச்சிலும் ஆவணக்காப்பகத்திலும் இருக்கின்றன. ஊர்ப்பெயரோடு பொருத்திப் பார்க்க முடிகிற பெட்டிகள் இருந்தால், அவை முதலில் அங்கேதான் அகப்படும்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரில் வசிக்கும் ஒரு தமிழன்